கோவாவின் இன்னொரு கரை

நாட்டின் மிகச் சிறிய மாநிலமான கோவாவின் பரப்பு 3,702 சதுர கி.மீ. அதன் கடற்கரை 105 கி.மீ. என்கின்றன பாடநூல்கள். சுற்றுலாத் துறைக்கு அந்த மணல்தான் மாநிலம். ஆனால், கோவாவின் தலைவிதி மாண்டவி, ஜுவாரி ஆறுகளின் ஓரமாக ஊருக்குள் நீளும் மண்கரைகளில்தான் எழுதப்படுகிறது.

காரணம் நில அமைப்பு. கிழக்கே ஆயிரம் மீட்டருக்கு மேல் எழும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கடலுக்கும் இடையே 65 கி.மீ. கூட இல்லை. ஏறக்குறைய 3,000 மி.மீ. மழை, பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. அப்போது ஆறுகளில் நன்னீர் புரளும். மழை ஓய்ந்ததும் கடல் ஆற்றுக்குள் ஏறுகிறது. மாண்டவியில் ஏறக்குறைய 50 கி.மீ. உள்ளே, காஞ்சே வரை ஏற்ற இறக்கம் தெரியும்.

இந்த உப்புநீரோடு மல்லுக்கட்டாமல் பிழைக்கக் கண்ட வழிதான் ‘கஸான்’ நிலங்கள். ஏற்றநீர் மட்டத்துக்கும் தாழ்வான இந்தச் சதுப்புகளைப் போர்ச்சுகீசியர் வருவதற்கு முன்பே உள்ளூர் மக்கள் களிமண், வைக்கோல், செம்புரைக்கல் கொண்டு கரைகட்டி மீட்டார்கள். மதகின் மரக்கதவுக்கு ஆள் தேவையில்லை. ஏற்றத்தில் ஆற்றுநீர் தள்ள, தானே மூடிக்கொள்ளும். வற்றத்தில் உள்நீர் தள்ள, திறந்துகொள்ளும். மழைக்காலத்தில் உப்பைத் தாங்கும் கொர்குட் நெல், பிறகு இறாலும் மீனும். ஒரே வயலில் இரண்டு வருமானம். மாநிலத்தில் சுமார் 18,000 ஹெக்டேர் இப்படி உருவானவை.

கரையைக் காத்தவை ‘கொமுனிதாத்’ எனும் ஊர்ச் சங்கங்கள். 1964இன் குத்தகைச் சட்டம் உழுபவருக்கு உரிமை தந்தது, நியாயமான சட்டம்தான். ஆனால், கரை பராமரிப்பு குத்தகைதாரர் சங்கங்களின் தலையில் விழுந்தபோது, அதற்கான பணமும் கட்டுப்பாடும் கூடவே வரவில்லை. மதகில் மீன்பிடி உரிமை ஏலத்துக்குப் போனது. மீனுக்காகக் கதவைத் திறந்து வைத்தால் வயலில் உப்பு ஏறும். போதாக்குறைக்கு, இரும்புத்தாது ஏற்றிய படகுகள் எழுப்பிய அலை கரைகளை அரித்தது.

மேலே இருந்தும் நெருக்கடி வருகிறது. கர்நாடகத்தில் பிறக்கும் மஹதாயிதான் கோவாவில் மாண்டவி. 2018இல் நடுவர் மன்றம் கர்நாடகத்துக்கு 13.42 டிஎம்சி ஒதுக்கியது. இதை இரு மாநிலங்களின் குடிநீர்ச் சண்டையாக மட்டும் பார்ப்பது பாதிப் பார்வை. மேலிருந்து வரும் நன்னீர்தான் உப்பைக் கீழே தள்ளி நிறுத்துகிறது. அது குறைந்தால் கோடையில் உப்பு இன்னும் மேலே ஏறும்.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்காற்று அறிவிக்கை, கஸான் நிலங்களை வரைபடமாக்கவும் அங்கே கட்டுமானத்தைத் தவிர்க்கவும் சொன்னது. கரைக்கு ஆண்டுதோறும் மண் போடுவது யார் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. கோவா அரசு மதகு ஏலத்தை விவசாயிகளின் கட்டுப்பாட்டில் வைத்து, அந்த வருமானத்தைக் கரைக்கே செலவிடச் சட்டம் செய்ய வேண்டும். நதிநீர் வழக்குகளிலும் உப்பின் கணக்கை முன்வைத்து வாதாட வேண்டும்.