ரிவெட் அடிச்ச மாதிரி!

உங்க ஜீன்ஸ் பாக்கெட் ஓரத்தைத் தொட்டுப் பாருங்க. குட்டியா ஒரு செம்புக் குமிழ் தட்டுப்படுதா? அதுதான் ரிவெட். பாக்கெட் கிழியாமல் இருக்க இதை அடிக்கும் யோசனைக்கு ஜேக்கப் டேவிஸும் லெவி ஸ்ட்ராஸும் 1873-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிட்டாங்க. போல்ட் மாதிரி திருகிக் கழற்ற முடியாது. தலையை உடைத்தால்தான் உண்டு.

இந்த வார வார்த்தை அங்கிருந்துதான் வருது: 'ரிவெட்டிங்'. ஆளை அசையவிடாமல் அடிச்சு வைக்கிற எதுவும் ரிவெட்டிங்தான்.

சரி, எதுக்கெடுத்தாலும் 'இன்ட்ரஸ்டிங்'னு சொல்றோமே, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? பாபநாசம் பக்கம் ஃப்ரெண்ட் இருந்தால் கேளுங்க. அந்த வட்டத்தில்தான் மெலட்டூர் இருக்கு. அங்கே நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கும். பெண் வேஷமும் ஆண்களே கட்டுவாங்க. வெங்கடராம சாஸ்திரியின் 'பிரகலாத சரித்திரம்' ராத்திரி ஆரம்பிச்சா விடிய விடியப் போகும். அதுவும் தெலுங்கில்! எதிரே உட்கார்ந்திருக்கும் பலருக்கு அந்த பாஷை தெரியாது. கதையோ பாட்டி சொன்ன கதை. தூணுக்குள்ளிருந்து யார் வரப்போறார்னு குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அந்த நரசிம்ம முகத்தைப் பார்க்கக் கண்விழித்துக் காத்திருப்பாங்க. சஸ்பென்ஸும் இல்லை, வசனமும் புரியலை, எழுந்து போகவும் மனசு வரலை. அதுதான் ரிவெட்டிங்.

தமிழில் 'கவரும்'னு சொன்னால் பத்தாது. கடைவீதியில் தொங்குற சட்டைகூடத்தான் கவரும்; பார்த்துட்டு நடையைக் கட்டிடுவோம். 'கட்டிப்போட்டுட்டாங்க' என்பது சரியா வரும். வள்ளுவர் 643-ஆவது குறளில், கேட்பவரை வசப்படுத்தும் சொல்லுக்கு எடுத்துக்கொண்ட வினை 'பிணித்தல்'. அதுவும் கட்டுறதுதான். (நோய்க்கும் பிணின்னுதான் பேர். மெகா சீரியல் பார்க்கிறவங்களைக் கேட்டால் ஒத்துக்குவாங்க!) 'ரிவிட் அடிக்கிறது'ங்கிற மெட்ராஸ் பாஷை வேற சமாச்சாரம், அதை இங்கே கலக்காதீங்க.

ஒரே ஒரு இடத்தில் ஜாக்கிரதை. நாடகம் 'ரிவெட்டிங்', பார்த்த நீங்க 'ரிவெட்டட்'. கண் திரையைவிட்டு அகலலைன்னா 'ரிவெட்டட் டு த ஸ்க்ரீன்'. மாத்தி 'ஐ வாஸ் ரிவெட்டிங்'னு சொன்னால், 'நான் எல்லாரையும் அசத்திட்டேன்'னு ஆயிடும்.

இதே குழப்பத்தில் நான் என் முதல் இன்டர்வியூவில் மாட்டினேன். லீவில் என்ன செய்தீங்கன்னு கேட்டாங்க. போரடிச்சதுன்னு சொல்ல நினைச்சு, "ஐ வாஸ் வெரி போரிங் சார்" என்றேன். எதிரே இருந்தவர் மறுக்கவே இல்லை.