மலையேறும் கூலியும் மலை போன்ற பட்ஜெட்டும்

விடியற்காலை நான்கு மணி. கம்பம், கூடலூர், உத்தமபாளையம், தேவாரம், போடி என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் காட்சி ஒன்றுதான். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கையில் தூக்குவாளியுடன் பெண்கள் ஜீப்புக்காகக் காத்து நிற்கிறார்கள். எட்டுப் பேர் ஏற வேண்டிய வண்டியில் பதினைந்து பேர் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டுப் பாதைகளில் மலையேறி, இடுக்கி ஜில்லாவின் ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். பொழுது சாய்ந்த பிறகு இறங்கி வருகிறார்கள். மறுநாள் விடியுமுன் மீண்டும் அதே ஜீப்.

இவர்கள் பிறந்த பூமி வறண்ட பூமியா? இல்லை. 1895ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்கில்தான் பாய்கிறது. அந்த அணை எழும்பியபோது காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்ட கூலிகள் எத்தனையோ பேர். அந்தத் தண்ணீரால் 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாழை இருக்கிறது, தென்னை இருக்கிறது. மலையில் பறிக்கும் ஏலக்காய் போடியிலும் ஏலம் போகிறது.

இத்தனை செல்வம் விளையும் மண்ணில் பிறந்தவள், ஒரு நாள் கூலிக்காக ஏன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மலையேற வேண்டும்? சர்க்கார் போடும் ஒவ்வொரு பட்ஜெட்டையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் நாம் உரசிப் பார்க்க வேண்டும்.

பட்ஜெட் யாருடைய சமாசாரம்?

"பட்ஜெட்டா? அது படித்தவர்கள் சமாசாரம். நமக்கென்ன?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். இது தவறு. யாரிடம் வாங்கி யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பதே பட்ஜெட். சோப்பு வாங்கும்போது நாம் வரி கொடுக்கிறோம். செருப்பு வாங்கும்போதும் கொடுக்கிறோம். கொடுத்தவனுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு.

2025 மார்ச் 14 அன்று நிதி மந்திரி தங்கம் தென்னரசு சட்டசபையில் 2025-26ம் ஆண்டுக்கான பட்ஜெட்டைச் சமர்ப்பித்தார். மறுநாள் விவசாயத்துக்குத் தனி பட்ஜெட் வந்தது; அதன் அளவு 45,661 கோடி ரூபாய். மகளிர் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,807 கோடி. சுமார் 1 கோடியே 15 லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்பது அந்தத் திட்டம்.

இந்த ஆயிரம் ரூபாயை "இலவசம்" என்று கேலி செய்கிற கூட்டம் ஒன்று உண்டு. வங்கிக் கடனுக்கு வட்டி மானியம், நிலத்துக்குச் சலுகை, மின்சாரத்துக்குச் சலுகை என்று வாங்கி விழுங்கும் முதலாளிகளைப் பார்த்து இவர்கள் வாய் திறப்பதில்லை. அதற்குப் பெயர் "ஊக்கத்தொகை"! ஏழைப் பெண் வாங்கினால் மட்டும் இலவசமாம். இந்தக் கேலியை நாம் ஏற்கமாட்டோம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆயிரம் ரூபாய் கூலியல்ல. நூறு நாள் வேலைக்கு 2025-26ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அந்தக் கணக்கில் ஆயிரம் ரூபாய் என்பது மூன்று நாள் கூலி. கையில் மூன்று நாள் கூலி இருந்தால், குறைந்த கூலிக்குக் கூப்பிடுகிறவனிடம் மூன்று நாளைக்கு "வரமாட்டேன்" என்று சொல்லலாம். அந்த அளவுக்கு அது பலம்தான். நாலாவது நாள்? நாலாவது நாள் ஜீப்பில் ஏறித்தான் ஆக வேண்டும். மாதத்தின் மற்ற நாட்களுக்கு வேலை எங்கே, கூலி எங்கே என்பதற்கு உரிமைத் தொகையில் பதில் இல்லை.

நூறு நாள் வேலைக்கு வந்த கதி

பதில் சொல்ல ஒரு சட்டம் இருந்தது. 2005ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கிராம வேலை உறுதிச் சட்டம் அது. கேட்டால் வேலை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் படி கொடுக்க வேண்டும் என்றது சட்டம். உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய சர்க்காரின் பொறுப்பு என்றது.

நடைமுறையில் என்ன நடந்தது? சட்டத்தில் நூறு நாள். அகில இந்தியச் சராசரியோ ஐம்பது நாளைச் சுற்றியே நின்றது. செய்த வேலைக்கும் கூலி காலத்தில் வரவில்லை. தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய பாக்கி 4,034 கோடி ரூபாய் என்று 2025 மார்ச்சில் ராஜ்ய சர்க்காரே முறையிட்டது. மண் வெட்டியவள் மாதக் கணக்கில் காத்திருந்தாள். கடைக்காரன் காத்திருப்பானா? வட்டிக்காரன்தான் காத்திருப்பானா?

இன்னொரு வேடிக்கை. 2025-26ல் அதே வேலைக்குக் கேரளத்துக்கு நிர்ணயித்த கூலி 369 ரூபாய். மலைக்கு அந்தப் பக்கம் 369, இந்தப் பக்கம் 336. குமுளியில் விற்கும் அரிசிக்கும் கூடலூரில் விற்கும் அரிசிக்கும் விலையில் அப்படி என்ன வித்தியாசம்? வயிறு ஒன்றாக இருக்கும்போது கூலி மட்டும் ஏன் இரண்டு?

இப்படி நொண்டிக்கொண்டிருந்த சட்டத்துக்குப் பதிலாக, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நூறு நாள் 125 நாளாகிவிட்டது என்று மத்திய மந்திரிகள் முரசு கொட்டினார்கள். முரசின் உட்புறத்தைப் பார்ப்போம்.

புதிய சட்டப்படி, தமிழ்நாட்டைப் போன்ற ராஜ்யங்கள் செலவில் 40 சதவீதத்தைத் தாங்களே போட வேண்டும். ஒரு குடும்பத்துக்கு 336 ரூபாய் வீதம் 125 நாளும் வேலை கொடுத்தால் ஆகும் கூலி 42,000 ரூபாய். இதில் ராஜ்ய சர்க்கார் தலையில் விழுவது 16,800 ரூபாய். பழைய சட்டப்படி நூறு நாள் கூலியான 33,600 ரூபாயும் மத்திய சர்க்கார் பொறுப்பாக இருந்தது. புதிய கணக்கில் அதன் பங்கு 25,200 ரூபாய்தான். நாளைக் கூட்டினார்கள்; தங்கள் பணத்தைக் குறைத்துக்கொண்டார்கள்! அதுமட்டுமல்ல. எவ்வளவு பணம் என்பதை மத்திய சர்க்காரே முன்கூட்டி வரையறுத்துவிடும். அதற்கு மேல் ஆகும் செலவு முழுவதும் ராஜ்யத்தின் தலையில். ராஜ்யத்தின் பெட்டியில் பணம் இல்லையென்றால் 125 நாள் ஏட்டுச் சுரைக்காய்தான்.

இதைவிடக் கொடுமை, விதைப்பும் அறுப்பும் நடக்கும் காலத்தில் ஆண்டுக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்ற விதி. கூலிக்காரன் கூலி கேட்டு நிமிர்ந்து நிற்கக்கூடிய காலம் எது? நடவும் அறுப்பும்தானே! அந்தக் காலத்தில் சர்க்கார் வேலையை நிறுத்திவிட்டால், பெரிய நிலக்காரர் சொன்னதே கூலி, தோட்ட முதலாளி வைத்ததே சட்டம். யார் கேட்டு இந்த விதி வந்தது என்று விளக்கவும் வேண்டுமா?

பணம் இல்லை என்ற பல்லவி

"நாங்கள் என்ன செய்வோம்? மத்திய சர்க்கார் பணம் தரவில்லை" என்று ராஜ்ய மந்திரிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2017ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வரி போடும் அதிகாரத்தில் பெரும்பகுதி ராஜ்யங்களின் கையை விட்டுப் போயிற்று. ராஜ்யங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் வரியில், 15வது நிதிக் கமிஷன் தமிழ்நாட்டுக்கு வகுத்த பங்கு 4.079 சதவீதம்தான். இந்த அநியாயத்தை எதிர்த்து ராஜ்ய சர்க்கார் போராடினால் தொழிலாளி வர்க்கம் அதன் பக்கம் நிற்கும்.

ஆனால் இருக்கிற பணம் யாருக்குப் போகிறது என்ற கேள்விக்கு டில்லியைக் காட்டித் தப்ப முடியாது.

மணப்பாறை, தேனி, திண்டிவனம் ஆகிய மூன்று இடங்களில் சிப்காட் மூலம் பெரிய உணவுப் பூங்கா என்று ராஜ்ய சர்க்கார் அறிவித்தது. நல்ல காரியம். பொது நிலத்தில், பொதுப் பணத்தில் ரோடும் தண்ணீரும் மின்சாரமும் போட்டுக் கொடுக்கிறார்கள். அங்கே கம்பெனி வைப்பவர் எத்தனை பேரை நிரந்தர வேலைக்கு எடுக்க வேண்டும்? கூலி எவ்வளவு? சங்கம் வைக்க உரிமை உண்டா? இந்த நிபந்தனைகளை எழுதாமல் சலுகையை மட்டும் எழுதினால், பூங்கா முதலாளிக்கு, முள் நமக்கு!

மழைக் காலத்தில் திராட்சைக் குலை வெடித்து விலை சரிகிறது. குளிர்பதனக் கிடங்கு சர்க்கார் கையில் இருந்தால், சிறு விவசாயி பழத்தை வைத்து விற்பான். கூலிக்காரனுக்கும் வேலை நீளும். அதே கிடங்கு தனி வியாபாரியின் கையில் இருந்தால், விலை சரிந்தபோது வாங்கிப் பூட்டி வைத்து, ஏறியபோது அவன் விற்பான். இரண்டுக்கும் பெயர் "அபிவிருத்தி"தான். லாபம் போய்ச் சேரும் இடம்தான் வேறு.

நூற்பாலைகளையும் பாருங்கள். ஆலைகள் இயந்திரத்தைப் புதுப்பிக்க வாங்கும் கடனுக்குச் சர்க்கார் வட்டி மானியம் தருகிறது. கதிர் புதிதாகிறது. கதிரின் முன்னே நிற்கும் பெண்ணின் நிலை புதிதாகியதா? சுமங்கலித் திட்டம் என்று ஒன்று வைத்து, மூன்று வருஷம் ஆலை விடுதியில் அடைத்து வேலை வாங்கி, கடைசியில் கல்யாணத்துக்கென்று ஒரு தொகை கொடுப்பதாகச் சொன்ன கதையை மேற்கு மாவட்டங்களும் தென் மாவட்டங்களும் அறியும். பெயர்ப்பலகையை எடுத்துவிட்ட பின்னும் விடுதியின் சாவி முதலாளியிடம்தான் இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் 10 புதிய "தோழி" விடுதிகளுக்கு 77 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இப்படிப்பட்ட சர்க்கார் விடுதிகள் நகரத்து உத்தியோகப் பெண்களுக்கு மட்டுமல்ல, ஆலைகள் இருக்கும் ஊர்களிலும் வேண்டும். சாவி முதலாளியிடம் இல்லாத விடுதியில் தங்குகிறவள்தான் ஷிப்டு முடிந்து சங்கக் கூட்டத்துக்கு வர முடியும்.

71 சர்க்கார் ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜீஸ் கம்பெனியோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கும் திட்டம் போட்டார்கள். நம் பிள்ளைகள் நவீன இயந்திரம் கற்கட்டும்; வரவேற்கிறோம். படித்து வெளியே வரும் பிள்ளைக்கு என்ன வேலை காத்திருக்கிறது? 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த மத்திய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களின்படி, 300 பேருக்குக் குறைவான ஆலையில் ஆட்குறைப்புக்குச் சர்க்கார் அனுமதி தேவையில்லை. முன்பு இந்த வரம்பு 100. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேலைக்கு எடுத்து வெளியே அனுப்பவும் வழி வைத்திருக்கிறார்கள். பயிற்சிக்குப் பொதுப் பணம்; பயின்றவனை வேண்டாதபோது கழற்றிவிடும் உரிமை முதலாளிக்கு!

மூணாறு காட்டிய வழி

தீர்மானங்கள் தாமாக மாறுவதில்லை. போடிமெட்டுக்கு அப்பால், மூணாறில், 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். வெட்டிய போனஸைத் திரும்பக் கேட்டார்கள். 20 சதவீதம் பெற்றுத்தான் எழுந்தார்கள். அந்தப் பெண்கள் கம்பெனியை மட்டும் கேள்வி கேட்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர்களையும் முகத்துக்கு நேரே கேள்வி கேட்டார்கள். நம் சங்கங்கள் இதை மறக்கலாகாது. ஜீப்பில் ஏறுகிறவளைத் தேடி விடியற்காலை நாலு மணிக்கு நாம் போகாவிட்டால், அவள் நம் மாலைக் கூட்டத்துக்கு ஏன் வர வேண்டும்?

ஆகவே, தேனி ஜில்லாவின் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இவை:

1. 125 நாள் வேலைக்கு ராஜ்யத்தின் பங்கை முழுமையாக பட்ஜெட்டில் ஒதுக்கு! கூலி முழுவதையும் முன்போல் மத்திய சர்க்காரே ஏற்கப் போராடு!

2. நடவு, அறுப்புக் காலத்தில் வேலையை நிறுத்தும் விதியைத் தமிழ்நாட்டில் உபயோகிக்காதே!

3. மானியம் வாங்கும் ஆலைகளிலும் உணவுப் பூங்காவிலும் உள்ளூர் ஆட்களுக்கு நிரந்தர வேலை, பி.எப்., இ.எஸ்.ஐ., சங்க உரிமை ஆகியவற்றைக் கட்டாயமாக்கு!

4. கம்பம் பள்ளத்தாக்கில் சர்க்கார் குளிர்பதனக் கிடங்கு அமை!

5. கேரள சர்க்காருடன் பேசி, தோட்டத் தொழிலாளருக்கு விடியற்காலையிலும் மாலையிலும் அரசு பஸ் விடு!

ஐந்தாவது கோரிக்கை சிறியதாகத் தோன்றலாம். மலைப்பாதையில் ஜீப் உருண்ட வீட்டுக்குப் போய்க் கேட்டால், அது எவ்வளவு பெரிய கோரிக்கை என்று தெரியும்.

2010 டிசம்பர் 31 அன்று நிறுத்திய மதுரை - போடி ரயில், 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூன் மாதம் போடிக்கும் திரும்பி வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம். கூலிக்கும் வேலைக்கும் இன்னொரு பன்னிரண்டு வருஷம் காத்திருக்க நம்மால் முடியாது. அடுத்த பட்ஜெட் சட்டசபையில் வாசிக்கப்படுவதற்கு முன், இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொரு கிராமசபையிலும் தீர்மானமாக வேண்டும். ஒவ்வொரு ஆலை வாசலிலும் ஒலிக்க வேண்டும். நாளை விடியுமுன் ஜீப் நிற்கும் இடத்திலிருந்தே அந்த வேலையைத் தொடங்குவோம்!