எல்லாவற்றையும் படிக்கும் மென்பொருளுக்கு எல்லை வேண்டும்

பேக்கப் எனப்படும் காப்புநகல் மென்பொருளுக்கு, வேறெந்தச் சேவைக்கும் எளிதில் கிடைக்காத இரண்டு உரிமைகள் ஒருங்கே கிடைக்கின்றன. யாருடைய கோப்பாயினும் அது படிக்கலாம். மீட்டெடுக்கும் வேளையில் எந்தக் கோப்பின் மேலும் எழுதலாம். எனவே அதன் நிர்வாகக் கன்சோல் ஊடுருவுவோர் கைக்குப் போய்விட்டால், தரவைத் திருடுவதும், மாற்றி எழுதுவதும், கடைசிப் புகலிடமான நகலையே அழிப்பதும் ஒரே இடத்திலிருந்து நடந்துவிடும். இவ்வளவு அதிகாரம் கொண்ட மென்பொருளை ஏனைய சேவைகளைவிடக் கடுமையான வரம்புக்குள் வைக்க வேண்டியிருக்க, வேலை தடைபடுமே என்ற அச்சத்தால் அதற்கே முழு விலக்கு அளிக்கும் வழக்கம் மாற வேண்டும்.

புது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் மீது 2022 நவம்பரில் நடந்த தாக்குதலில் ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டு, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு மறையாக்கம் செய்யப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. இ-ஹாஸ்பிட்டல் செயலியின் தரவு, தாக்குதலுக்குத் தப்பிய ஒரு பேக்கப் சர்வரிலிருந்து மீட்கப்பட்டது. அப்படியிருந்தும் நோயாளிப் பதிவு, அனுமதி, விடுவிப்பு முதலிய பணிகள் பெரும்பாலும் சீராவதற்கு இரண்டு வாரம் ஆயிற்று. அந்தச் சர்வரும் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் துறையினருக்கு விளக்க வேண்டியதில்லை. நகல் தப்புவது தற்செயலாக அமையாமல், வடிவமைப்பின் விளைவாக அமைய வேண்டும்.

யூனிக்ஸ் வழிவந்த வழக்கமான அனுமதி முறையில், ஒரு கோப்பை யார் படிக்கலாம் என்பதை அதன் உரிமையாளரே முடிவு செய்கிறார். ரூட் கணக்கையோ அந்தத் தடைகள் கட்டுப்படுத்துவதில்லை. கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்பது, கணினி முழுமைக்கும் முன்கூட்டி எழுதப்பட்ட கொள்கையைக் கெர்னலே நடைமுறைப்படுத்தும் முறை. அதன்கீழ் வரம்பிடப்பட்ட செயல்முறை ரூட்டாகவே இயங்கினாலும், கொள்கை வெளிப்படையாக அனுமதித்ததை மட்டுமே செய்ய முடியும். அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை 2000ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்டு, 2003இல் லினக்ஸ் 2.6 கெர்னலுடன் இணைந்த எஸ்இலினக்ஸ், செயல்முறைகளுக்குக் 'களம்' என்றும் கோப்புகளுக்கு 'வகை' என்றும் முத்திரையிட்டு, எந்தக் களம் எந்த வகையைத் தொடலாம் என்று வரையறுக்கிறது. டெபியனில் 2019இன் 10ஆம் பதிப்பு முதல் இயல்பாகவே இயங்கும் ஆப்ஆர்மர், இதே வேலையைக் கோப்பின் பாதைப்பெயரைக் கொண்டு செய்கிறது.

திறந்தமூலப் பேக்கப் மென்பொருளான பேக்குலாவின் அமைப்பு இத்தகைய பிரிவினைக்கு ஏற்றது. வேலைகளை ஏவும் டைரக்டர், நகலைச் சேமிக்கும் ஸ்டோரேஜ் டீமன், ஒவ்வொரு கணினியிலும் கோப்புகளைப் படித்தனுப்பும் ஃபைல் டீமன், நிர்வாகி பயன்படுத்தும் கன்சோல் என அதன் உறுப்புகள் தனித்தனியே இயங்குகின்றன. எஸ்இலினக்ஸின் பொதுக் கொள்கைத் தொகுப்பு கன்சோலுக்குத் தனிக் களம் தருகிறது. மூன்று சேவைகளையோ ஒரே களத்தில் அடக்குகிறது. அந்த மூன்றையும் மேலும் பிரிப்பதே பராமரிப்பாளரின் வேலை. ஃபைல் டீமன் எல்லாவற்றையும் படிக்கட்டும், ஆனால் தன் பணிக்கோப்புகளைத் தவிர வேறெதிலும் எழுத வேண்டாம். ஸ்டோரேஜ் டீமன் நகல் கிடங்கில் மட்டும் எழுதட்டும். கன்சோல் டைரக்டரின் 9101ஆம் போர்ட்டைத் தவிர வேறெங்கும் இணைய வேண்டாம். மீட்டெடுப்புக்கு எழுதும் உரிமை தேவை என்பதால், அதைத் தேவைப்படும் வேளையில் மட்டும் திறக்கும் தனிக் களமாக்க வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் ஓடும் ஸ்கிரிப்டுகளும் தமக்கான குறுகிய களத்துக்குள் நிற்க வேண்டும்.

நடைமுறையில் சறுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, ஒரு வேலை நின்றவுடன் கணினி முழுவதையும் எச்சரிக்கை மட்டும் தரும் நிலைக்கு மாற்றி, அப்படியே விட்டுவிடுவது. பேக்குலாவின் களத்தை மட்டும் அந்நிலையில் வைத்து, மீட்டெடுப்பு உட்பட ஒரு முழுச் சுற்றை ஓட்டிப் பார்த்தபின் கொள்கையை அமலாக்குவதே சரி. இரண்டாவது, மறுப்புப் பதிவுகளை ஆடிட்2அலௌ கருவிக்குக் கொடுத்து, அது தரும் விதிகளை வாசிக்காமலேயே ஏற்பது. அப்படிச் செய்தால், தடுக்கப்பட வேண்டிய செயலுக்கும் அனுமதி கிடைத்துவிடும். மூன்றாவது, கோப்புகளின் முத்திரைகளை நகலில் சேர்க்காமல் விடுவது. மீட்டபின் முத்திரை தவறிய கோப்புகளால் சேவைகள் நிற்க, பழி கொள்கையின் மேல் விழுகிறது.

பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது இக்கட்டுப்பாடு என்ற எண்ணமும் தவறு. ஜீயபுரத்தில் காவிரிக் கரையோரம் இயங்கும் ஒரு சிறு மருத்துவமனையையோ அரிசி ஆலையையோ, திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ இருக்கும் ஒரே பராமரிப்பாளர் தொலைவிலிருந்து கவனிப்பதாகக் கொண்டால், அவருடைய ஒரு கடவுச்சொல் கசிந்தாலே அத்தனை வாடிக்கையாளரின் நகல்களும் ஆபத்துக்குள்ளாகும். ஆள் பற்றாக்குறையால் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுக்க இயலாத அத்தகைய இடங்களில்தான், அப்பிரிவினையைக் கெர்னலிடம் ஒப்படைப்பது மிகுந்த பயன் தரும். கொள்கையை மாற்றும் உரிமையைத் தொலைவழி நுழைவுக்குத் தராமல், நேரில் வருபவருக்கு மட்டும் ஒதுக்கவும் முடியும்.

கெர்னலில் உள்ள பிழையை இக்கட்டுப்பாடு தடுக்காது; ஆகவே வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு நகலும், காலமுறை மீட்டெடுப்புச் சோதனையும் என்றும் தேவை. சைபர் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், பதிவுகளை 180 நாள் பேணவும் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் ஆணை கோருகிறது. ஃபைல் டீமன் எழுதக் கூடாத இடத்தில் எழுத முயன்றதைக் காட்டும் மறுப்புப் பதிவைவிட முந்திய எச்சரிக்கை அரிது என்பதால், அப்பதிவுகளை வேறொரு கணினிக்கு அனுப்பிப் பேணி, நாள்தோறும் ஒருவர் வாசிக்கும் ஏற்பாட்டைப் பேக்கப் பணியின் இன்றியமையாத பகுதியாகத் துறையினர் கொள்ள வேண்டும்.