மார்கரிட்டா ஜாடியில் எத்தனை பீர்?

டிஸ்கி: இது சரக்கு பத்தின பதிவு. குடிக்காத மக்கள் உடனே ஓடிராதீங்க, உங்களுக்கும் கீழ ஒரு ஜாடி வச்சிருக்கேன்.

பத்துப் பன்னெண்டு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு மொத்தமா மார்கரிட்டா கலக்குறது எப்படின்னு யாரைக் கேட்டாலும், எந்த டெக்கீலா, எந்த ஆரஞ்சு லிக்கர்னுதான் ஆரம்பிப்பாங்க. அதெல்லாம் அப்புறம். என் கட்சி என்னன்னா, ஜாடியில கலக்குறவன் முதல்ல கணக்குப் போடணும். பீர் பாட்டிலை நீட்டினா, குடிக்கிறவர் கையில எத்தனை பாட்டில்னு ஒரு எண்ணிக்கை இருக்கு. ஜாடியிலேர்ந்து ஊத்தினா அந்த எண்ணிக்கை போச்சு. ஒவ்வொருத்தரும் எவ்வளவு குடிக்கணும்னு அவங்களுக்கே தெரியாம முடிவு பண்றது கலக்கின ஆள்தான். இது பெரிய பொறுப்புங்க. நம்மாளுங்க இதை ரொம்ப ஜாலியா எடுத்துக்கறாங்கன்னு எனக்கு ஒரு வருத்தம்.

நான் பொட்டி தட்டுறது டல்லாஸ் பக்கம். இங்க லாங் வீக்கெண்ட் வந்தா நம்ம கூட்டத்துல யார் வீட்லயாவது பாட்லக் இருக்கும். ஒருத்தர் பிரியாணி, ஒருத்தர் தயிர்சாதம், ஒருத்தர் காஸ்ட்கோ சிப்ஸ் மூட்டை. குடிக்கறதுக்கு பீர் இருக்கும், கராஜ்ல நாலு பேர் விஸ்கியோட நிப்பாங்க. டெக்சாஸ் வெயிலுக்கு விஸ்கி எதுக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. எலுமிச்சை, உப்பு, ஐஸ் மூணும் சேர்ந்த மார்கரிட்டாதான் இந்த ஊருக்கு.

தவிர, இந்த 'மொத்தமா கலக்குற' சமாச்சாரமே டல்லாஸ்காரங்க கைவரிசை. மரியானோ மார்ட்டினெஸ்னு ஒருத்தர் 1971ல இங்க ஒரு மெக்சிகன் உணவகம் திறந்தார். கூட்டம் அள்ளிச்சு. பார்ல நின்னவங்களுக்கு ஒவ்வொரு ஆர்டருக்கும் பிளெண்டர்ல அடிச்சு மாளல, ஒரு கிளாஸ் மாதிரி இன்னொண்ணு இல்லன்னு வாடிக்கையாளர்கள் புகார். மனுஷன் ஒரு செவன்-இலெவன் கடையில ஸ்லர்ப்பி மெஷினைப் பார்த்தார், மூளையில பல்பு எரிஞ்சுது. பழைய சாஃப்ட் சர்வ் ஐஸ்கிரீம் மெஷின் ஒண்ணை வாங்கி, அதுல மார்கரிட்டாவை மொத்தமா ஊத்தி உறைய வச்சார். ஆல்கஹால் உறையாதேன்னு சொன்னவங்களுக்கு சர்க்கரை அளவை மாத்தி மாத்திப் பார்த்தே பதில் சொன்னார். அந்த மெஷின் 2005ல ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்துருச்சு. எல்லா கிளாசும் ஒரே மாதிரி இருக்கணும்கிற ஒரே காரணத்துக்காகப் பொறந்த விஷயம் இது. அதைப் போய் நம்மாளுங்க 'கண்ணளவு மச்சி'ன்னு கலக்கறாங்க!

சரி, கணக்கு. பொறியியல் படிச்ச பாவத்துக்கு இதையாவது செய்வோம்.

பரவலா சொல்ற அளவு 2:1:1. ஒரு பாட்டில் டெக்கீலா 750 மி.லி., ஆரஞ்சு லிக்கர் 375, எலுமிச்சை சாறு 375. ஐஸ் போட்டுக் குலுக்கினா கரையுற தண்ணிக்குப் பதிலா இன்னொரு 375 தண்ணி. ஆக மொத்தம் 1875 மி.லி. டெக்கீலாவும் 40 சதவீதம், நல்ல ஆரஞ்சு லிக்கரும் 40 சதவீதம். சுத்த ஆல்கஹால் 300ம் 150ம் சேர்ந்து 450 மி.லி. அமெரிக்காவுல ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்'னா அதுல இருக்கற ஆல்கஹால் சுமார் 17.7 மி.லி., அதாவது 5 சதவீத பீர் ஒரு கேன். வகுத்துப் பாருங்க. ரெண்டு லிட்டர்கூட இல்லாத அந்த ஜாடிக்குள்ள 25 கேன் பீர் உட்கார்ந்திருக்கு.

நம்ம பார்ட்டியில எதுல ஊத்துவோம்? அந்த சிவப்பு பிளாஸ்டிக் கப். அது 16 அவுன்ஸ். பாதி கப், 240 மி.லி.ன்னு வச்சுக்கங்க, மூணு பீருக்கு மேல ஆச்சு. குடிக்கறவருக்கு இனிப்பும் புளிப்புமா ஜூஸ் மாதிரி இறங்கும். 'நான் ரெண்டே ரெண்டு கிளாஸ்தான்பா'ன்னு அவர் சொல்றது சத்தியமா உண்மை. ஆனா ஆறு பீரைத் தாண்டி அரை மணி நேரம் ஆச்சு!

அதனால என் ஜாடியில ஆரஞ்சு லிக்கர் கிடையாது. சான் பிரான்சிஸ்கோவுல டாமிஸ்னு ஒரு மெக்சிகன் உணவகம். அங்க ஹூலியோ பெர்மேஹோ, லிக்கரைத் தூக்கிட்டு அகாவே பாகு ஊத்தி ஒரு மார்கரிட்டா பண்ணினார். 'டாமிஸ் மார்கரிட்டா'ன்னே அதுக்குப் பேர். டெக்கீலா அகாவேலேர்ந்து வர்றது, பாகும் அதே செடிலேர்ந்து வர்றது, ரெண்டும் சண்டை போடாம சேருது. நம்ம ஊர்ல வேலி ஓரம் முள்ளு முள்ளா நிக்குமே ஆனைக்கற்றாழை, அதோட சொந்தக்காரச் செடிதான் நீல அகாவே. சோத்துக் கத்தாழைக்கும் இதுக்கும் உறவு இல்ல, பார்க்கத்தான் ஒரே ஜாடை.

என்னோட அளவு: டெக்கீலா 750, எலுமிச்சை சாறு 375, அகாவே பாகு 190, தண்ணி 400. மொத்தம் 1715 மி.லி. ஆல்கஹால் 300 மி.லி., அதாவது கிட்டத்தட்ட 17 பீர். ஒரு கிளாஸுக்கு 100 மி.லி. ஊத்தினா 17 கிளாஸ். ஒரு கிளாஸ் = ஒரு பீர்! இந்த ஒத்துமை வந்தப்ப எனக்கு ஏதோ பெரிய பக்கை ஃபிக்ஸ் பண்ண சந்தோஷம். இனிமே யார் எத்தனை குடிச்சாங்கன்னு அவங்களுக்கே தெரியும். மனுஷ உடம்பு ஒரு பீரைக் கரைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கும், எடை, சாப்பாடு, ஆணா பெண்ணாங்கறதைப் பொறுத்து மாறும். காபி குடிச்சா அது வேகமாகாது, முழிப்புதான் வரும்.

டெக்கீலா வாங்கும்போது லேபிள்ல '100 சதவீதம் அகாவே'ன்னு இருக்கான்னு மட்டும் பாருங்க. அது இல்லன்னா சர்க்கரையில 51 சதவீதம் அகாவேலேர்ந்து வந்தா போதும், மீதி கரும்போ சோளமோ. வெள்ளையா இருக்கற பிளாங்கோ வகை போதும், வயசான டெக்கீலாவை எலுமிச்சையில முக்கறது வேஸ்ட். பச்சைக் கலர்ல ரெடிமேடா பாட்டில்ல விக்கிற மார்கரிட்டா மிக்ஸ் பத்தி நான் பேச விரும்பல.

எலுமிச்சை பத்திப் பேசியே ஆகணும். நமக்கு ரெண்டுக்கும் ஒரே பேர்ங்கறதால வர்ற குழப்பம் இது. நாம ஊர்ல 'லெமன் ரைஸ்'னு சொல்றோமே, அந்தப் பழம் அமெரிக்காக்காரன் கணக்குப்படி லெமனே இல்ல, லைம். இங்க மெக்சிகன் கடையில குட்டியா, விதையோட விக்கிற கீ லைம்தான் நம்ம ஊர் எலுமிச்சை. பச்சையா, பெருசா, விதையில்லாம எல்லாக் கடையிலயும் இருக்கறது பெர்ஷியன் லைம். மஞ்சளா இருக்கறது லெமன், அது மார்கரிட்டாவுக்கு ஆகாது. பழைய ரூம்மேட்டை லைம் வாங்கிட்டு வாடான்னு அனுப்பினேன், ரெண்டு மூட்டை மஞ்சள் பழத்தோட வந்து நின்னான். அன்னிக்கு எல்லாருக்கும் லெமன் ரைஸ்.

பெர்ஷியன் லைம் ஒண்ணுல சுமாரா 30 மி.லி. சாறு வரும். 375க்கு பதிமூணு, பதினாலு பழம் எடுத்துக்கங்க. அன்னிக்கே பிழியணும். முந்தின நாளே பிழிஞ்சு வச்சா மறுநாள் ஒரு கசப்பு வந்துரும். இன்னொண்ணு, இது முக்கியம்: பழத்தை வெளியில வெயில்ல உட்கார்ந்து பிழியாதீங்க. எலுமிச்சைத் தோல்ல இருக்கற சில பொருள் கையில பட்டு, மேல வெயிலும் பட்டா தோல் வெந்து கொப்புளம் வரும், கறுத்த தழும்பு வாரக்கணக்குல இருக்கும். இங்க அதுக்கு 'மார்கரிட்டா பர்ன்'னே பேர் வச்சிருக்காங்க. வீட்டுக்குள்ள பிழிஞ்சு, சோப்பு போட்டுக் கையைக் கழுவிட்டு வெளிய போங்க.

ஐஸை ஜாடிக்குள்ள போடவே கூடாது. முதல் ஆளுக்கு நெருப்பு, கடைசி ஆளுக்குக் குளத்துத் தண்ணி. அளந்த தண்ணியை முதல்லயே ஊத்திட்டு, ஜாடியை நாலு மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வச்சு, ஐஸைக் கிளாஸ்ல போடுங்க. விளிம்புக்கு உப்பு கல்லுப்பா இருக்கட்டும், கரகரன்னு இடிச்சது. பொடி உப்பு கரிக்கும். பாதி விளிம்புக்கு மட்டும் தடவுங்க, வேணாங்கறவங்க அந்தப் பக்கம் குடிச்சுப்பாங்க. உப்போட கொஞ்சம் மிளகாய்த்தூள் கலந்தா பள்ளிக்கூட வாசல் மாங்காய் பத்தை ஞாபகம் வருதா இல்லையான்னு சொல்லுங்க.

இப்ப ரெண்டாவது ஜாடி. அதே லைம், அதே பாகு, டெக்கீலாவுக்குப் பதிலா சோடா, ஒரு சிட்டிகை உப்பு. அட, இது நம்ம ஊர் சால்ட்-ஸ்வீட் லெமன் சோடாதானேன்னு கேப்பீங்க. ஆமாங்க, அதேதான். சோடாவை மட்டும் பரிமாறும்போது ஊத்துங்க. இதை நான் முதல்ல கலக்கறேன், அதே மாதிரி கிளாஸ்ல, அதே உப்பு விளிம்போட குடுக்கறேன். நம்ம கூட்டத்துல குடிக்காதவருக்கு ஒரு பேப்பர் கப்புல கோக் குடுத்து ஓரமா உட்கார வச்சிருவோம். கையில அந்தக் கப்பைப் பார்த்ததும் நாலு பேர் 'ஒரே ஒரு கிளாஸ் மச்சி, என் மேல சத்தியமா'ன்னு ஆரம்பிச்சிருவாங்க. எல்லார் கையிலயும் ஒரே கிளாஸ் இருந்தா யாரும் யாரையும் கேக்கறது இல்ல. மாத்திரை சாப்பிடறவர், இன்னும் யார்கிட்டயும் சொல்லாத கர்ப்பிணி, சும்மா இன்னிக்கு வேணாம்னு நினைக்கறவர், யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்ல. குடிக்கணும்னு ஆசைப்பட்டு, 'அய்யோ இவ குடிக்கறாளா'ன்னு பேசுவாங்களேன்னு தயங்குற பெண்களுக்கும் இது வசதிதான்னு தங்கமணி சொன்னாங்க. அது எனக்குத் தோணவே தோணாத கோணம்.

ரெண்டு ஜாடியும் பார்க்க ஒண்ணா இருக்கறதால முதல் ஜாடியில பெரிய எழுத்துல டேப் ஒட்டி, குழந்தைங்க கை எட்டாத கிச்சன் மேடையில வச்சு, நான்தான் ஊத்துவேன். குழாய் வச்ச ஜாடி, செல்ஃப் சர்வீஸ் எல்லாம் நம்ம வீட்ல கிடையாது.

வண்டி ஓட்டறவருக்கு ரெண்டாவது ஜாடி மட்டும்தான். டெக்சாஸ்ல ரத்தத்துல 0.08ங்கறது சட்ட வரம்பு, ஆனா ஓட்டறது பாதிக்கற மாதிரி தெரிஞ்சா அதுக்குக் கீழ இருந்தாலும் போலீஸ் கைது பண்ணலாம். நம்ம எச்1பி கூட்டத்துக்கு இன்னொரு கத்தியும் தலைக்கு மேல தொங்குது. குடிச்சிட்டு ஓட்டினதா கைதானாலே போதும், கோர்ட் தீர்ப்புக்கு முன்னாடியே விசாவை ரத்து பண்ணலாம்னு 2015 கடைசியில வெளியுறவுத் துறை வழிகாட்டுதல் குடுத்துச்சு. ரத்தானா உடனே மூட்டை கட்டணும்னு இல்ல. ஆனா ஊருக்குப் போனா திரும்பி வர புது விசா, அதுக்கு முன்னாடி மருத்துவப் பரிசோதனை. அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு போன் வருது, டிக்கெட் போடலாமா வேணாமான்னு உட்கார்ந்து யோசிக்கற நிலைமை. இது விசா சமாச்சாரம் மட்டும்தான். ஹைவேயில எதிர்ல வர்ற வண்டியில யாரோட குழந்தை இருக்குங்கறதை நான் எழுத வேண்டியதில்ல.

இவ்வளவு சொன்னதும், 'பார்ட்டிக்குக் கூப்பிட்டியா, ரேஷன் கடை நடத்துறியா'ன்னு ஒரு பின்னூட்டம் வரும், தெரியும். குடிக்கறவங்க எட்டு பேர்னா ஆளுக்கு ரெண்டு கிளாஸ், மிச்சம் ஒண்ணு. ஜாடி தீர்ந்தா தீர்ந்துச்சு, ரெண்டாவது பாட்டிலை நான் திறக்கறது இல்ல. கஞ்சன்னு பேர் வாங்கியாச்சு, பரவாயில்ல. மூணாவது கிளாஸ் கேக்கறவங்களுக்கு நம்ம வீட்டு சோஃபாவும் ஒரு போர்வையும் உண்டு, காலையில தங்கமணி கையால பொங்கலும் உண்டு. போகணும்னா ஊபர் போட்டு, வாசல்ல நின்னு ஏத்தி விடுவேன்.

அப்புறம், பிழிஞ்ச லைம் தோலைத் தூக்கிப் போட்றாதீங்க. நறுக்கி உப்பு, மிளகாய்ப்பொடி போட்டு நல்லா ஊற விட்டு நல்லெண்ணெய்ல தாளிச்சா அடுத்த பாட்லக் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்க ஆச்சு.