பஸ்ஸில் அஞ்சு வயசு, மெட்ரோவில் மூணடி! - ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பேரன்ட்ஸின் வீக்எண்டு கணக்கு

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, ஆவடியில் இருக்கும் என் அக்கா போன் பண்ணினா. "ஆறாயிரம் ரூபா செலவு பண்ணி புள்ளைய தூங்க வெச்சுட்டு வந்திருக்கேன்டி!"

ரெண்டரை வயசுப் பையன், பத்து மாசக் கைக்குழந்தை, மாமா, அக்கா என நாலு பேரும் ஊருக்கு வெளியே ஒரு தீம் பார்க்குக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். ரீல்ஸில் பார்த்து ஆசைப்பட்ட இடம். வாடகை கார், நுழைவுக் கட்டணம், உள்ளே விற்கும் சாப்பாடு எல்லாம் சேர்ந்து அந்தத் தொகை. பெரியவனின் உயரத்துக்கு அங்கே இருந்தது ஒரே ஒரு குட்டி ரயில். அதிலும் ரெண்டாவது ரவுண்டிலேயே தூங்கிவிட்டான்.

உங்க வீட்டில் அஞ்சு வயசுக்குள்ளே ஒரு குழந்தை இருந்தால் இந்தக் கதை புதுசா இருக்காது. குழந்தைக்குத்தான் டிக்கெட் இல்லையே என்று தைரியமாகக் கிளம்புவோம். மதியம் ஒரு மணிக்கு வெயில், பசி, தூக்கம், ஈரமான டயப்பர் எல்லாம் ஒண்ணா வந்து சேரும். அப்போது ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுப்போம். கண்ணில் படுகிற முதல் ஏ.சி ஓட்டலுக்குள் நுழைவோம். பட்ஜெட் உடைவது அந்த ஒரு மணி நேரத்தில்தான். அதனால் எவ்வளவு செலவாகும் என்று கேட்பதற்கு முன்னாடி, அந்த ஒரு மணிக்கு எங்கே இருப்போம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் கஷ்டம். கடற்கரை, மியூசியம், பெரிய பூங்காக்கள் எல்லாம் நகரத்தின் அந்தப் பக்கம். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியே ஆனது. ஆனாலும் "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க" என்று வீட்டில் கேட்டால், நமக்கு இன்னமும் ஒரு மணி நேரப் பயணம்தான்.

யாருக்கு இலவசம், எதுவரை?

பயணச் செலவு விஷயத்தில் கடந்த சில வருஷங்களில் நமக்குச் சாதகமாகச் சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 2022 மே மாதம், அரசுப் பேருந்துகளில் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவசம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அதற்கு முன்பு மூணு வயசு முடிந்தாலே அரை டிக்கெட். ஆக, வெள்ளை போர்டு பஸ்ஸில் ஏறினால் அம்மாவுக்கும் ரெண்டு குழந்தைகளுக்கும் பூஜ்யம். அப்பாவுக்கு மட்டும்தான் டிக்கெட்.

புறநகர் ரயிலிலும் 5 வயசுக்குள் இலவசம். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். ஆவடியிலிருந்து சென்ட்ரல் வரை போனாலும் ஒருவருக்கு 10 ரூபாயைத் தாண்டாது. 2025 ஏப்ரலில் வந்த முதல் ஏ.சி மின்சார ரயில் பீச் - செங்கல்பட்டு லைனுக்குத்தான் போனது, நம்ம லைனுக்கு இல்லை. பரவாயில்லை. அதில் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். ஜன்னல் ஓர சீட்டுக்கு நம்ம பிள்ளைகள் ஏ.சி-யை விட்டுக்கொடுப்பார்கள்.

மெட்ரோவுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. அங்கே வயசு பார்ப்பதில்லை, உயரம்தான். 90 சென்டிமீட்டருக்குக் கீழே, அதாவது மூணடிக்குள் இருந்தால் இலவசம். உங்க வீட்டுக் குழந்தையை ஒரு தடவை சுவரோரம் நிறுத்தி அளந்து பாருங்க. ரெண்டரை, மூணு வயசிலேயே பெரும்பாலான குழந்தைகள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். பஸ்ஸிலும் ரயிலிலும் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் குழந்தையாக இருக்கிற அதே பிள்ளை, மெட்ரோ வாசலில் முழு டிக்கெட் எடுக்கும் பெரிய மனுஷன்!

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பூந்தமல்லிக்காரர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. அங்கே புறநகர் ரயிலே கிடையாது. பஸ்ஸை விட்டால் அவர்கள் நம்பியிருப்பது மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி வழித்தடத்தைத்தான். சுமார் 26 கிலோமீட்டர் தூரம். 2025 மார்ச்சில் பூந்தமல்லி பக்கம் அதன் முதல் சோதனை ஓட்டம் நடந்தது. இந்த வழித்தடம் முழுசாக ஓடும்போது பூந்தமல்லியில் ஏறி மெரினா ஓரத்திலேயே இறங்கலாம். ஆனால் மூணு வயசிலும் நாலரை வயசிலும் பிள்ளைகள் இருக்கிற குடும்பம் அதில் ஏறினால் நாலு டிக்கெட். அதே குடும்பம் பஸ்ஸில் போனால் ஒரே ஒரு டிக்கெட். பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே கியூ.ஆர் டிக்கெட் என்று 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' ஆப் வந்துவிட்டது. டிக்கெட்டை ஒண்ணாக்க முடிந்தவர்களுக்கு, குழந்தை என்றால் யார் என்பதை ஒண்ணாக்குவது கஷ்டமா என்ன? மெட்ரோவும் 5 வயசுக் கணக்குக்கு வரணும் என்று கேட்பதில் தப்பே இல்லை.

பைக்கில் போயிடலாமே?

இந்தப் பகுதியில் முக்கால்வாசிப் பேர் உடனே யோசிப்பது டூ-வீலரைத்தான். அப்பா ஓட்ட, பெரியது டேங்க் மேலே, சின்னது அம்மா மடியில். செலவு, ஒரு லிட்டர் பெட்ரோல்.

2023 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கும் மத்திய மோட்டார் வாகன விதி ஒன்று உண்டு. நாலு வயசுக்குட்பட்ட குழந்தையை டூ-வீலரில் கூட்டிப்போனால், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு பெல்ட் வேண்டும். 9 மாசம் முதல் 4 வயசு வரை குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இப்போது வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையை நினைத்துப் பாருங்க. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே 40-ல் போக முடியுமா? போலீஸ் பிடிக்கிறார்களா இல்லையா என்பது வேறு கதை. தூங்கி விழும் ரெண்டு வயசுக் குழந்தையை அந்தச் சாலையில் பைக்கில் வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. தெருமுனை பார்க் வரைக்கும் ஓகே. வண்டலூர் வரைக்கும் வேண்டாம்.

வண்டலூர் என்றதும் உயிரியல் பூங்கா ஞாபகம் வரும். அருமையான இடம், சந்தேகமே இல்லை. ஆனால் 602 ஹெக்டேர். பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் தலைக்கு 200 ரூபாய். நானூறு ரூபாய் கொடுத்து உள்ளே போய், குரங்கைப் பார்த்ததும் "வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லும் வயசு ரெண்டு. நாலு வயசு முடியட்டும், அப்போது போங்க.

அப்போ எங்கேதான் போறது?

அக்காவோட அடுத்த வீக்எண்டுக்கு நான் உட்கார்ந்து திட்டம் போட்டேன். ஒரே ஒரு விதிதான்: ஒரு வேளைக்கு ஒரு இடம். மதியம் கட்டாயம் ஒரு கூரைக்குக் கீழே பாய் விரிக்கணும்.

சனிக்கிழமை காலை ஐ.சி.எஃப் பக்கத்தில் இருக்கிற ரயில் மியூசியம். 2002-ல் திறந்தது. நம்ம லைன்லேயே இருந்தும் இந்தப் பக்கத்துக்காரர்களில் பாதிப் பேர் உள்ளே போனதில்லை. வில்லிவாக்கத்தில் இறங்கி ஒரு குறைந்த தூர ஆட்டோ. பழைய நீராவி எஞ்சின்கள் திறந்த வெளியில் நிற்கும். ஓடுகிற பொம்மை ரயிலும் உண்டு. எங்க வாண்டு அந்த எஞ்சின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தது பத்து நிமிஷம். ஆறாயிரம் ரூபாய் பார்க்கில் அவன் எதையும் பத்து நிமிஷம் பார்க்கவில்லை. திங்கள்கிழமை மட்டும் விடுமுறை. காலையில் திறந்ததும் போய்விட்டால், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். பன்னிரண்டரைக்கு வீட்டில் ரசம் சாதம், ஒரு மணிக்குத் தூக்கம். இந்த ஒரு வரிதான் அன்றைய பட்ஜெட்டைக் காப்பாற்றியது.

சாயங்காலம் பருத்திப்பட்டு ஏரி. ஆவடிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2019-ல் பசுமைப் பூங்காவாக மாற்றித் திறந்தார்கள். கரையைச் சுற்றி நடைபாதை, படகுச் சவாரி, நிறைய பறவைகள். தள்ளுவண்டி சிரமமில்லாமல் உருளும் நடைபாதை நம்ம பக்கத்தில் எத்தனை இருக்கு, சொல்லுங்க? கொசு மட்டும் ஆறு மணிக்கு மேலே கூட்டமாக வரும். முழுக்கை சட்டை போட்டுவிடுங்க.

அம்பத்தூரில் இருப்பவர்களுக்கு ஏரியை விட அண்ணா நகர் டவர் பார்க் பக்கம். ரொம்ப வருஷம் மூடிக் கிடந்த கோபுரத்தை 2023 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டாம். கீழே நிழல் போதும்.

ஞாயிறு, மெரினா. இங்கேதான் கொஞ்சம் யோசிக்கணும். நம்ம லைன் ரயில் மூர் மார்க்கெட் வளாகத்தில் முடிந்துவிடும். அங்கிருந்து சாலையைக் கடந்து பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்தால் சேப்பாக்கம். பீச் - சிந்தாதிரிப்பேட்டைப் பகுதியில் 2023 ஆகஸ்ட்டில் நிறுத்திய பறக்கும் ரயில், 2024 அக்டோபர் கடைசியில்தான் திரும்ப ஓடத் தொடங்கியது. அந்த இடைவெளியில் பழக்கம் விட்டுப்போன பலர், இன்னும் சென்ட்ரலில் இறங்கியதும் ஆட்டோவைத்தான் தேடுகிறார்கள். சாலையைக் கடக்கும் சுரங்கப்பாதையில் படிக்கட்டு இருக்கிறது. தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் கேரியர் பை எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அது இல்லையா, பாட்டியோட பழைய காட்டன் புடவை இருக்கவே இருக்கு.

மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் ஒரு மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாசமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு முதல் உரிமை. அவர்களுக்கு வழிவிட்டு, நடக்கத் தெரிந்த வாண்டின் கையைப் பிடித்துக்கொண்டு அதில் போனால் மணலில் தூக்கிச் சுமக்கும் வேலை மிச்சம். நாலரைக்கு மேலே போங்க. தண்ணீரில் இறக்காதீங்க, அந்த அலை பெரியவர்களையே இழுக்கும்.

காலையிலேயே கிளம்பணும் என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது. பெரியவர்களுக்கு 15 ரூபாய்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் வீக்எண்டுக்குப் பிரச்னை இல்லை. மேலே கூரை இருக்கிறது என்பதே பாதி நிம்மதி.

ரூம் போடலாமா?

மாமா கேட்ட கேள்வி இது. காலையில் மியூசியம், சாயங்காலம் மெரினா, நடுவில் ஆவடி வரை வந்து திரும்ப முடியாதே? நியாயம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. 2,000 ரூபாய் அறைக்கு முன்பு 240 ரூபாய் வரி, இப்போது 100. மிச்சம் 140, ஒரு ஆட்டோ காசு. எழும்பூர் ஸ்டேஷனைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் நீங்கள் நுழையும் நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கு வைப்பவர்கள் உண்டு. போன் பண்ணும்போதே அதைக் கேளுங்க. சனிக்கிழமை பகல் 12 மணிக்கு நுழைந்தால் ஞாயிறு பகல் 12 வரை, ரெண்டு மதியத்தில் ஒன்று உங்க கையில். லிஃப்ட் இருக்கா, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்பதையும் கேளுங்க. குழந்தைக்குப் பணம் உண்டா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் வாங்கி வெச்சுக்கோங்க.

என் கருத்தைக் கேட்டால், ரெண்டு வயசுக்குள் என்றால் ரூம் காசு தண்டம். பழகாத இடத்தில் அது தூங்காது, உங்களையும் தூங்க விடாது. மூணு வயசுக்கு மேலே என்றால் லாட்ஜ் கட்டிலில் குதிப்பதே ஒரு டூர்தான்.

சாப்பாடு பற்றிப் பெரிசா சொல்ல எதுவும் இல்லை. இட்லி இருக்கிற ஊர் இது. 2013-ல் ஒரு ரூபாய்க்கு இட்லி என்று அம்மா உணவகம் திறந்த நகரம். வாழைப்பழம், ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர், பொட்டுக்கடலை போதும்.

பால் கொடுக்கவும் டயப்பர் மாற்றவும் இடம் தேடுவதுதான் நிஜமான தலைவலி. 2015-ல் தமிழகம் முழுக்கப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தார்கள். நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்ட திட்டம். ஆனால் வீக்எண்டில் குழந்தையோடு நாம் போவது பேருந்து நிலையத்துக்கா? ஏரிக்கரை, பூங்கா, கடற்கரைக்கு. அங்கே அக்கா சின்னவளுக்குப் பால் கொடுத்தது, நான் துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மரத்தடியில். டயப்பர் மாற்றியது பெஞ்சில், மாமாவின் துண்டை விரித்து. அப்பா குழந்தையோடு தனியாக வந்திருந்தால்? அவருக்கு அந்த மரத்தடிகூடத் தேவைப்படாது. பூங்காவுக்குள் ஒரு மேஜையும் குழாயும் இருந்தால் போதும். அதற்கு ஒரு நாற்காலியும் தட்டியும் சேர்த்தால் அம்மாக்களுக்கும் ஆச்சு. கோடிக்கணக்கில் செலவழித்து ஏரியை அழகாக்கும்போது இது ஏன் திட்டத்திலேயே வருவதில்லை என்பதை உங்க வார்டு கவுன்சிலரிடம் கேட்டுப் பாருங்க. நானும் எங்க வார்டில் கேட்கப்போகிறேன்.

ரெண்டு நாளுக்கும் சேர்த்து எங்களுக்கு ஆனது ஆயிரத்து நூறு ரூபாய். அதில் பாதிக்கு மேல் ஆட்டோ. ஞாயிறு மாலை ஆறே முக்கால் வரை மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டது எங்க தப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் புறநகர் ரயில்கள் எண்ணிக்கையே குறைவு, மூர் மார்க்கெட்டில் திருவள்ளூர் லோக்கல் கிளம்பும்போது நிற்கவே இடமில்லை. பெரம்பூர் வரைக்கும் தூங்குகிற பையனைத் தோளில் போட்டுக்கொண்டு மாமா நின்றார். அதற்குப் பிறகு காலேஜ் பையன் ஒருத்தன் எழுந்து இடம் கொடுத்தான். நீங்க ஆறு மணிக்கே கிளம்பிடுங்க.