துப்பும் ஒயின், கூலி ஒயின்

ஒயின் ருசிபார்க்கும் இடங்களில் ஒரு சம்பிரதாயம் உண்டு. கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு மிடறு வாயில் உருட்டித் துப்பிவிடலாம். அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். ஏழெட்டு வகை ருசித்தாலும் தலை தெளிவாக இருக்க வேண்டுமே!

தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பக்கத் தோட்டங்களில் சுற்றுலாப் பயணிகள் இன்று இப்படித்தான் துப்புகிறார்கள். அங்கே உழைத்தவர்களுக்கு அந்த வசதி இருந்ததில்லை. கூலியின் ஒரு பகுதியே ஒயின்தான். 'டொப்' முறை என்று பெயர். மட்டமான ஒயினை வேலை நேரத்திலேயே, நாளுக்குப் பலமுறை ஊற்றிக்கொடுத்தார்கள். போதைக்குப் பழகியவர் பண்ணையை விட்டு எங்கே போவார்? 1961இல் சட்டம் தடை செய்தது. அதன் பிறகும் பல பண்ணைகளில் நீடித்தது. தாயின் குடியால் கருவிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாக உள்ள பகுதிகளில் அந்த மாகாணமும் ஒன்று.

ஊற்றிக்கொடுத்தவர்களே பிறகு "குடிகாரக் கூட்டம்" என்றார்கள். சேரியைப் பார்த்து இங்கே சொல்வதுதானே! டச்சுக் கம்பெனி அந்த மண்ணுக்குக் கப்பலேற்றிய அடிமைகளில் நம் சோழமண்டலக் கரையினரும் உண்டு.

தோட்டம் பார்க்கப் போங்கள், குடியுங்கள், எனக்கு மறுப்பில்லை. வழிகாட்டி மண்ணைச் சொல்வார், மலைக்காற்றைச் சொல்வார், ஓக் பீப்பாயைச் சொல்வார். கவாத்து செய்தவருக்கு என்ன கூலி என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். 2012இல் டி டோர்ன்ஸ் திராட்சைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது குறைந்தபட்ச நாள்கூலி சுமார் 69 ராண்ட். கேட்டது 150. அடுத்த ஆண்டு கிடைத்தது 105.