ஆயுத பூஜைக்கு மட்டும் தொடுகிற வண்டி

2024 ஆயுத பூஜை அன்னிக்கு எங்க அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல நம்மாளுங்களோட பைக் மட்டும் பதினாலு வரிசையா நின்னுது. எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம். (புனேக்காரங்களும் தசராவுக்கு வண்டிக்கு மாலை போடறவங்கதான், அதனால யாரும் நம்மளை வேடிக்கை பார்க்கலை.) பொரிகடலை கொடுக்கும்போது சும்மா ஒரு கேள்வி கேட்டு வெச்சேன். "இதுல எத்தனை பேரு சொந்தக் கையால சீட்டைக் கழட்டிப் பார்த்திருக்கீங்க?"

ஒரே ஒரு கை தூக்கிச்சு. அதுவும் மகன் வீட்டுக்கு வந்திருந்த ராமநாதபுரத்துப் பெரியவரோட கை.

மத்தவங்க சொன்ன பதில்தான் இதை எழுத வெச்சது. "அதெல்லாம் மெக்கானிக் வேலை சார்." "கழட்டினா வாரண்டி போயிடும்." ஒருத்தர் இன்னும் மேல போய், "என் ஒரு மணி நேர சம்பளத்துக்கு அது கட்டுப்படி ஆகாது"ன்னார். அடேங்கப்பா!

நானும் அப்படித்தான் இருந்தேன்னு முதல்லயே ஒத்துக்கறேன். 2022 மே மாசம் பசங்க லீவுக்குத் திருநெல்வேலி போய் அஞ்சு வாரம் கழிச்சுத் திரும்பினா வண்டி செத்துக் கிடந்தது. செல்ஃப் அடிச்சா 'டிக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். டெம்போ பிடிச்சு சர்வீஸ் செண்டருக்கு ஏத்திப் போனேன். ரெண்டு நாள் வெச்சிருந்து, "பேட்டரி போச்சு"ன்னு புதுசு மாட்டினாங்க. சார்ஜ் போட்டுப் பார்த்தீங்களான்னு கேட்கக்கூடத் தோணலை. தோணியிருந்தாலும், என் ஹிந்தியில சண்டை போட்டா எதிராளிக்குச் சிரிப்புதான் வரும். பில்லை நீட்டினாங்க, கார்டைத் தேய்ச்சேன்.

மூணு மாசம் கழிச்சு ஒரு மழை ராத்திரி. பின்னால பொண்ணு உட்கார்ந்திருக்கா. ஹின்ஜவடி பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டி அதே மாதிரி நின்னுது. ஹெட்லைட்டும் இல்லை. பக்கத்துல லாரி போற போக்குல சேத்தை வாரி அடிச்சுட்டுப் போகுது. அவளை ஓரமா நடக்கச் சொல்லிட்டு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளினேன். மூடப்போற நேரத்துல ஒரு பங்க்சர் கடை கிடைச்சது. அந்தப் பையன் மராத்தியில ஏதோ சொன்னான், எனக்குப் புரிஞ்சது 'சாவி' மட்டும்தான் (அவங்களுக்கும் அது சாவிதான், போர்ச்சுகீசியன் நம்ம ரெண்டு பேருக்கும் கொடுத்துட்டுப் போன வார்த்தை). வால் பக்கம் இடதுபுறத்துல இருந்த ஓட்டையில சாவியைப் போட்டுத் திருப்பினான், சீட்டு கையோட வந்துடுச்சு. புது பேட்டரியோட டெர்மினல் ஸ்குரூ முழுசா முறுக்கப்படவே இல்லை. ஆடிக்கிட்டு இருந்தது. முறுக்கினான், வண்டி கிளம்பிச்சு. ஒரு நிமிஷம்கூட ஆகலை.

அந்த ஓட்டை நாலு வருஷமா என் வண்டியில இருந்திருக்கு. சாவியும் என் பாக்கெட்லயே இருந்திருக்கு. கம்பெனி கொடுத்த டூல் கிட் பிளாஸ்டிக் உறை பிரிக்காம அந்த சீட்டுக்குக் கீழயேதான் கிடந்தது!

இப்ப வாரண்டிக்கு வருவோம். உங்க ஓனர்ஸ் மேனுவலைத் திறந்து பாருங்க. சீட்டை எப்படிக் கழட்டறது, ஃப்யூஸ் எங்க இருக்குன்னு அவங்களே படம் போட்டிருப்பாங்க. கம்பெனியே சொல்லிக்கொடுக்கிற வேலையைச் செஞ்சா வாரண்டி எப்படிங்க போகும்? ஒயரை வெட்டி ஹாரன் மாத்தறது வேற கதை.

கஷ்டமான வேலையும் இல்லை. பழைய வண்டிகள்ல பெரும்பாலும் பின்னால ரெண்டு போல்ட், கழட்டிட்டு சீட்டைப் பின்பக்கமா இழுத்தா வந்துடும். புதுசுல சாவி. சீட்டு ரெண்டா இருந்தா முதல்ல பின் சீட்டு, அதுக்குக் கீழ முன் சீட்டோட போல்ட்டோ கேபிளோ இருக்கும். திரும்ப மாட்டும்போது முன்னால நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிறதை டேங்க் பக்கத்துக் கொக்கிக்குள்ள சொருகிட்டு, பின்னால அழுத்தினா 'டக்'குனு சத்தம் வரும். கையால ஒரு தடவை தூக்கிப் பார்க்கணும். இதை மட்டும் சோம்பேறித்தனம் பண்ணாதீங்க, பின்னால உட்காரப்போறது உங்க வீட்டம்மா.

உள்ள என்ன பார்க்கிறது? ஃப்யூஸ் பெட்டி, ஒரு ஸ்பேர் ஃப்யூஸ், எலி கடிச்ச ஒயர் (பேஸ்மெண்ட் பார்க்கிங்ல இது சர்வ சாதாரணம்). பேட்டரி சில வண்டியில சீட்டுக்குக் கீழ, சிலதுல பக்கத்துக் கவருக்குள்ள. டெர்மினல்ல விபூதி மாதிரி வெள்ளையாப் பூத்திருந்தா, பேட்டரி போச்சுன்னு அர்த்தம் இல்லை. ஒயரைக் கழட்டி, வெந்நீர்த் துணியால துடைச்சு, உப்புத்தாள் தேய்ச்சு, இறுக்கி, வாஸ்லின் தடவினா பல நேரம் போதும். கழட்டும்போது முதல்ல மைனஸ், மாட்டும்போது கடைசியா மைனஸ். வண்டியோட இரும்பு மொத்தமும் மைனஸோட சேர்ந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ல ஸ்பேனரை வெச்சு, அது ஃப்ரேம்ல பட்டுச்சுன்னா தீபாவளிதான்.

"முன்ன மாதிரி இல்லை, இப்ப எல்லாம் எலக்ட்ரானிக்ஸ்"னு ஒரு வாதம். அதனாலதான் சொல்றேன். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்ததுல இருந்து நம்ம பைக்ல பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். பல வண்டியில கிக்கரே கிடையாது. பேட்டரி சுத்தமா இறங்கிட்டா பம்ப் ஓடாது, தள்ளி ஸ்டார்ட் பண்றதும் சந்தேகம். அப்பா காலத்துல நாலு உதை உதைச்சா கிளம்பிடும். அவருக்குத் தேவைப்படாத அளவுக்கு நமக்குத் தேவைப்படுது, அவருக்குத் தெரிஞ்சதுகூட நமக்குத் தெரியலை.

என்னைக் கேட்டா வாரண்டியும் சம்பளக் கணக்கும் வெறும் சாக்கு. படிச்சவன் கையில கிரீஸ் படக்கூடாதுங்கிற நினைப்புதான் உள்ள உட்கார்ந்திருக்கு. ஊர்ல அது கெளரவம்னு ஓடிச்சு, ஏன்னா நாலு வீடு தள்ளி ஒரு மெக்கானிக் அண்ணன் இருந்தார், ஏமாத்த மாட்டார். இங்க யாரு இருக்கா? மெக்கானிக் பொழைப்பைக் கெடுக்கிறேன்னு சண்டைக்கு வராதீங்க. கிளட்ச், டேப்பெட் எல்லாம் அவர்கிட்டதான். என் ஸ்குரூவை முறுக்கின பையன் இருபது ரூபா கொடுத்தும் வாங்கலை.

மே மாசத்துக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டிருப்பீங்க. பெட்டி கட்டற அன்னிக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கி, பசங்களையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு (பொண்ணையும்தான்) சீட்டைக் கழட்டி மைனஸ் ஒயரை எடுத்து, நுனியில டேப் சுத்தி வெச்சுட்டுப் போங்க. எங்க வீட்ல இப்ப அதைப் பொண்ணுதான் பண்றா. ஜூன்ல திரும்பி வந்து மாட்டினதும் மீட்டர்ல கடிகாரம் மட்டும் தப்பா ஓடும், அதைத் திருத்திக்கிட்டாப் போதும் :-)